ஓடாத வண்டியின் வயது

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்பச் சிரமமாக இருக்கலாம், கணக்கு எளியது. பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறுகளின் கலவை. ஒரு லிட்டரின் எடை முக்கால் கிலோவை ஒட்டி வரும். அதில் ஏழில் ஒரு பங்கு ஹைட்ரஜன், அதாவது நூறு கிராம் சொச்சம். எரியும்போது ஒவ்வொரு கிராம் ஹைட்ரஜனும் காற்றிலிருந்து எட்டு கிராம் ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டு ஒன்பது கிராம் தண்ணீராகிவிடுகிறது. பெருக்கிப் பார்த்தால் 900 கிராமுக்கு மேல் வந்துவிடும்.

நன்றாகச் சூடேறிய எஞ்சினுக்கு இந்தத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. சென்னையில் கிளம்பித் திண்டிவனம் போகும் கார் அதை ஆவியாகவே சைலன்சர் வழியே விட்டுவிட்டுப் போகிறது. வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோயிலுக்குப் போய், நின்று, திரும்பி வரும் காரின் கதை வேறு. அந்தத் தூரத்துக்குள் எஞ்சின் முழுதாகச் சூடேறாது. ஆவி குளிர்ந்த உலோகத்தைத் தொட்டதும் நீர்த்துளியாகப் படிகிறது. ஒரு பகுதி சைலன்சரின் வயிற்றில் தேங்கி உள்ளிருந்தே அதை அரிக்கிறது. இன்னொரு பகுதி பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. கூடவே எரிதலில் பிறந்த அமிலங்களும், சோக் இழுத்து ஓட்டியதால் எரியாமல் மிஞ்சிய பெட்ரோலும் சேர்கின்றன. ஆயில் ஊற்றும் இடத்து மூடியைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பாருங்கள். வெளிறிய பழுப்பு நிறத்தில் களிம்பாக ஒட்டியிருந்து, ரேடியேட்டரிலும் தண்ணீர் குறையாமல் இருந்தால், அந்த வண்டி நெடுநாளாகக் குறுகிய தூரமே ஓடி வந்திருக்கிறது.

பழைய சிறிய கார் தேடுபவர்களை மயக்கும் விளம்பரத்தில் இது எழுதப்பட்டிருக்காது. “94 மாடல் மாருதி 800, சிங்கிள் ஓனர், வயதானவர் வைத்திருந்தது, வெறும் பதினெட்டாயிரம் கிலோமீட்டர்” என்றுதான் இருக்கும். படித்தவுடன் மனம் அந்த எண்ணில் போய் நிற்கும். அந்த எண் பொய்யாகவே இருக்க வேண்டியதில்லை. ஆனால் மீட்டர் அளப்பது சக்கரம் சுற்றிய சுற்றுகளை மட்டுமே. உலோகத்தின் மேல் உலோகம் உரசித் தேய்வது தூரத்தோடு கூடும். ரப்பர் இறுகுவதும், பெட்ரோல் பிசினாவதும், இரும்பு துருவாவதும் தூரத்தைப் பார்ப்பதில்லை. அவை காலத்தோடும் வெப்பத்தோடும் ஈரத்தோடும் நடக்கும் வேதிவினைகள். பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய 94 மாடல் காரில் பிஸ்டன் இளமையாக இருக்கலாம். பிரேக்கின் ரப்பர் கப்புகளுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது.

மாருதி 800-ஐ உதாரணமாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 1983 டிசம்பர் 14 அன்று முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். ஜப்பானில் அப்போது சிறிய கார்களுக்கென்று தனிச் சட்டப் பிரிவு இருந்தது. எஞ்சின் 550 சிசியைத் தாண்டக் கூடாது. அந்த வரம்புக்குள் சுஸுகி வடிவமைத்த காரை எடுத்து, மூன்று சிலிண்டர் 796 சிசி எஞ்சின் வைத்து இங்கே விற்றார்கள். 1986-இல் நாம் எல்லோரும் அறிந்த இரண்டாவது உருவம் வந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. எத்தனையோ குடும்பங்களின் முதல் கார் அது. இன்று நல்ல நிலையில் கிடைக்கும் கார்புரேட்டர் மாடல்களில் கணிசமானவை, அதிகம் ஓட்டாதவர்களின் ஷெட்டிலிருந்து வருபவைதான்.

முதன்முதலில் சாவி கொடுக்கப்பட்ட அந்தக் காரும் ஓடி ஓடித் தேய்ந்துவிடவில்லை. உரிமையாளர் காலமான பிறகு டெல்லியில் வெயிலிலும் மழையிலும் நின்றே துருப்பிடித்தது. பின்னர் நிறுவனமே அதைச் சீரமைத்துத் தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது.

வாங்கப் போகிறவர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது, மீட்டர் சொல்வது மெய்யா என்பது. கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் மீட்டர் ஒரு கேபிளால் சுற்றுகிறது. கேபிளைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், எண் ஓடாது. லட்சத்தைத் தொட்டதும் பூஜ்யத்துக்குத் திரும்பும் ஐந்து இலக்க மீட்டர்களும் உண்டு. அதனால் எண்ணை விட்டுவிட்டு, மனித உடம்பு தொட்ட இடங்களைப் பாருங்கள். கிளட்ச் பெடலின் ரப்பரில் வரிகள் அழிந்து வழவழவென்று இருக்கிறதா, ஸ்டீயரிங் வளையத்தின் மேற்பகுதி பளபளக்கிறதா, டிரைவர் பக்கக் கதவைப் பாதி திறந்து தூக்கினால் கீல் ஆடுகிறதா, டிரைவர் சீட்டின் ஓரத்தில் ஃபோம் அமுங்கியிருக்கிறதா. சூரியனைப் பார்த்து வண்டியை நிறுத்தி உள்ளிருந்து முன்கண்ணாடியைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய கண்ணாடியில் மணல் துகள்கள் அடித்த ஊசிமுனைப் புள்ளிகள் எதிர்வெயிலில் மின்னும். இவை எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாகவும் சீட் தொய்ந்தும் இருந்தால், யாரோ கதையைத் திருத்தியிருக்கிறார்கள். பழைய சர்வீஸ் பில்களில் கிலோமீட்டர் குறித்திருப்பார்கள். அவற்றைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்ப்பதற்கு இணையான சான்று வேறு இல்லை.

கதை மெய்தான் என்று வைத்துக்கொள்வோம். இனிதான் காலத்தின் கணக்கு வருகிறது. அதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ரப்பர்.

ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகப் பாலங்களால் ஆங்காங்கே பிணைப்பதுதான் வல்கனைசேஷன். நீட்டினால் நீளும், விட்டால் திரும்பும் என்ற குணம் அந்தப் பாலங்களால் வருவது. ஆலையிலிருந்து வெளிவந்த பிறகும் இந்த வேலை முழுதாக நிற்பதில்லை. வெப்பமும் ஆக்ஸிஜனும் புதிய பிணைப்புகளை மெல்ல உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பிணைப்புகள் கூடக் கூட ரப்பர் இறுகும். பிரஷர் குக்கரின் கேஸ்கெட் நாளடைவில் விறைத்துப்போய் ஆவி கசிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்து டிகிரி வெப்பம் கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் ஒரு தோராய விதி. நம் ஊர் மே மாதத்தில் வெயிலில் மூடி நிற்கும் காருக்கு அதன் பொருள் என்ன என்று யோசித்துக்கொள்ளலாம்.

டயருக்கு இன்னொரு எதிரி ஓசோன். நாம் மூச்சுவிடும் காற்றில் அது நூறு கோடியில் சில பத்துப் பங்குதான் இருக்கிறது. அதுவே போதும். ரப்பர் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு உள்ள இடங்களை ஓசோன் வெட்டுகிறது. இழுவிசையில் இருக்கும் ரப்பரில் அந்த வெட்டுகள் விரிசலாகத் திறக்கின்றன. இதைத் தடுக்க டயர்க் கலவையில் மெழுகும் ஓசோனைத் தாங்கும் வேதிப்பொருட்களும் சேர்க்கிறார்கள். அவை மெல்ல மேற்பரப்புக்கு நகர்ந்து ஒரு காப்புப் படலமாகப் படிகின்றன. டயர் சுழன்று நெளியும்போது இந்த நகர்வு எளிதாக நடக்கிறது. நின்றுகொண்டே இருக்கும் டயரில் படலம் புதுப்பிக்கப்படாமல் மெலிந்துபோகிறது. ஓடும் டயர் தேய்கிறது. நிற்கும் டயர் வெடிக்கிறது. அதனால்தான் பட்டன் முழுசாக இருக்கும் பழைய டயர், பார்வைக்கு நல்லதாகவும் நெடுஞ்சாலையில் ஆபத்தானதாகவும் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2419 என்றால் 2019-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். விற்பவர் “ஒரிஜினல் டயர் சார், இன்னும் அப்படியே இருக்கு” என்று பெருமையாகச் சொல்வார். அந்த டயர்கள் கிலோமீட்டருக்கு நல்ல சாட்சி. மெக்கானிக் ஷெட் வரைக்கும்கூட அவற்றின்மேல் வேகமாகப் போகாதீர்கள். பத்து ஆண்டு கடந்த டயரைத் தேய்மானம் பார்க்காமல் மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் பலர்.

இதே விதி எஞ்சினுக்குள் இருக்கும் டைமிங் பெல்ட்டுக்கும் பொருந்தும். மாருதி 800-இல் கேம் ஷாஃப்ட்டைச் சுற்றுவது பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். வயதான பெல்ட் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அறும். வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர் ஹோஸ், எஞ்சின் மவுன்ட், ஆயில் சீல் எல்லாம் இதே குடும்பம். ஆயில் சீலில் ஒரு வேடிக்கையான விஷயம்: வண்டி நின்றிருந்தவரை கசியாது, ஓட்டத் தொடங்கிய சில வாரங்களில் கசியும். சீலின் உதடு சுழலும் ஷாஃப்ட்டின் மேல் மெல்லிய ஆயில் படலத்தில் மிதக்க வேண்டியது. ஆண்டுக்கணக்கில் காய்ந்து ஒட்டியிருந்தது திடீரென்று உரசினால் கிழிகிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். அது முன்கூட்டியே பட்ஜெட்டில் வைக்க வேண்டிய செலவு.

பிரேக் ஆயில் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஆனால் அலட்சியமாகச் சொல்ல முடியாது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு தரநிர்ணயம் கேட்பது 140 டிகிரி மட்டுமே. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் சூடேறி உள்ளே ஆவிக் குமிழி உண்டானால், குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. கால் பெடலோடு தரைக்குப் போகும். அதே தண்ணீர் வீல் சிலிண்டரின் உட்சுவரைக் குழிகுழியாக அரிக்கும். குழி விழுந்த சிலிண்டரில் புது ரப்பர் கப் போட்டாலும் ஒழுகும். ஆகவே மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாவற்றையும் மொத்தமாகப் புதிதாகப் போட்டுவிடுவதுதான் என் பரிந்துரை. அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள்.

பெட்ரோலுக்கு வருவோம். டேங்க் மூடியைத் திறந்ததும் வார்னிஷ் வாடை அடித்தால் உள்ளிருப்பதை எரிபொருள் என்று சொல்ல முடியாது. லேசான மூலக்கூறுகள் ஆவியாகிப் போயிருக்கும். எஞ்சியவற்றில் சில ஆக்ஸிஜனோடு சேர்ந்து பிசினாகியிருக்கும். கார்புரேட்டர் ஜெட்டின் துளைகள் ஊசித்துளைகள். அவை அடைபட அந்தப் பிசின் போதும்.

இப்போது பங்க்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. 1990களின் கார்புரேட்டர் எஞ்சின் இதை எண்ணி வடிவமைக்கப்பட்டதல்ல. எத்தனால் மூலக்கூறிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்றே வேண்டும்: ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று, எத்தனாலுக்கு 9 கிலோ. பின்னாளில் வந்த இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஆக்ஸிஜன் சென்சார் இருந்தால் கம்ப்யூட்டர் அதைக் கவனித்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்குக் கண் கிடையாது. பழைய ஜெட் பழைய அளவையே விடும், கலவை மெலிந்துபோகும். கிளப்பும்போது இடறுவதும், ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ஒரு நொடி தயங்குவதும் இதனால் வரலாம். கார்புரேட்டர் ட்யூனிங் தெரிந்த மெக்கானிக் இதைச் சரிசெய்வார். அத்தகையவர்கள் அருகி வருகிறார்கள், ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரத்தையும் உப்பவும் மென்மையாகவும் செய்யும். எத்தனால் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்கிப் போடுங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றுசேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் போய்த் தங்கும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைப் பாதியில் விடாதீர்கள். மேலே காலியிடம் எவ்வளவோ அவ்வளவு ஈரக்காற்று உள்ளே வந்து போகும்.

எல்லாவற்றிலும் பணத்தை அதிகம் விழுங்குவது துரு. சின்ன காரின் உடம்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகட்டால் ஆனது; சுமார் 650 கிலோவில் ஒரு முழு காரைச் செய்ய வேறு வழியில்லை. துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. அதற்கு இரும்பு, ஆக்ஸிஜன், மின்னோட்டம் கடத்தும் ஈரம் மூன்றும் வேண்டும். கடலோர ஊர்களில் மூன்றாவது எப்போதும் தயார். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைசலாகும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். பெசன்ட் நகரில் நிற்கும் காரின் அடித்தகட்டில் படிந்த உப்பு மழையே இல்லாத நாளிலும் ஈரமாகத்தான் இருக்கும். கடற்கரையிலிருந்து விலக விலக உப்பு படிவது வெகுவேகமாகக் குறைகிறது. எனவே “எத்தனை கிலோமீட்டர்” என்று கேட்பதற்கு முன் “எந்த ஊரில், கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றது” என்று கேளுங்கள். பெசன்ட் நகரின் இருபதாயிரத்தைவிடக் கோயம்புத்தூரின் எழுபதாயிரம் எனக்கு உவப்பானது.

பார்க்க வேண்டிய இடங்கள் மறைவானவை. மிதியடியையும் கார்ப்பெட்டையும் தூக்கித் தரைத்தகட்டைத் தட்டிப் பாருங்கள். பேட்டரி உட்காரும் தட்டு, ரன்னிங் போர்டு, கதவின் அடிவிளிம்பு, ஸ்டெப்னி வைக்கும் குழி, முன்பக்க ஷாக் அப்சார்பர் பாடியோடு சேரும் இடம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கடைசியாகச் சொன்ன இடத்தில் துரு இருந்தால் வண்டியை மறந்துவிடுங்கள். அங்கேதான் எடை நிற்கிறது. இரும்பு துருவாகும்போது பருமனில் பல மடங்கு பெருக்கிறது. அதனால்தான் பெயின்ட் கொப்புளமாக எழும்புகிறது. வெளியே கொப்புளம் என்றால் உள்ளே வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும். பெயின்ட் புதிதாக மின்னினால் மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். பட்டி பூசிய இடத்தில் காந்தம் வழுக்கி விழும்.

விலை பேசி முடித்து வண்டி உங்களுடையதான பிறகு, உடனே சாவியைத் திருகாதீர்கள். ஆண்டுக்கணக்கில் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவர்களின் ஆயில் வடிந்து போயிருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். அடைப்பில்லாமல் சுற்ற வேண்டும். பழைய ஆயில், பழைய பெட்ரோல், பழைய கூலன்ட் மூன்றையும் இறக்கிய பிறகே ஸ்டார்ட்டரைத் தொடலாம். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி என்றால் துருநிறச் சேறு வரும். நம் ஊரில் தண்ணீர் உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அலுமினிய சிலிண்டர் ஹெட்டை அரிப்பிலிருந்து காப்பது அதில் கலந்த சேர்மங்களே. பேட்டரியைப் பிழைக்கவைக்கப் பாடுபடாதீர்கள். வெறுமையாக நின்றதில் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிகங்கள் கெட்டிப்பட்டிருக்கும், மாற்றுவதே வழி.

பணத்தை எங்கே முதலில் போடுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பிரேக், டயர், பெட்ரோல் குழாய், டைமிங் பெல்ட், கூலன்ட். பெயின்டும் சீட் கவரும் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாம். மாருதி 800 வாங்குவதில் உள்ள பெரிய நிம்மதி உதிரிபாகம். இதே 796 சிசி எஞ்சின் ஆம்னியில் 2019 வரை வந்தது. சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கேட்டால் பெரும்பாலானவை கிடைத்துவிடும். கிடைக்கச் சிரமப்படுபவை உள்ளலங்காரப் பிளாஸ்டிக்குகளும் பழைய மாடலின் விளக்குக் கண்ணாடிகளும்தான். வண்டி பார்க்கும்போதே அவை முழுசாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள்.

பராமரிப்பில் பலர் அன்போடு செய்யும் ஒரு தீங்கு இருக்கிறது. வாரம் ஒருமுறை ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறும விட்டு அணைப்பது. அந்த ஐந்து நிமிடத்தில் சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீர் சேர்கிறது, அதை ஆவியாக்கும் சூடு சேர்வதில்லை. ஸ்டார்ட்டர் இழுத்த மின்சாரம்கூடப் பேட்டரிக்குத் திரும்பியிருக்காது. பிரேக், கிளட்ச், டயர், பேரிங் எதுவும் அசையவில்லை. அதைவிடத் தொடாமல் விடுவது மேல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்தாலும் போதும். எடுத்தால் இருபது, முப்பது கிலோமீட்டர் நிற்காமல் ஓட்டுங்கள். ஆயில் நன்றாகச் சூடேறி ஈரம் வெளியேறும், டயர் நெளியும், பிரேக்கின் துரு உரசிப் போகும். எஞ்சின் ஆயிலைக் கிலோமீட்டர் பார்க்காமல் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், இல்லையென்றால் பின்பக்க பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவது தரையிலிருந்து எழும் ஈரத்தை வண்டியோடு சேர்த்துக் கட்டிவைப்பது. காற்று புகும் துணி உறையே சரி.

காகித வேலைகளையும் தள்ளிப்போடாதீர்கள். பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. ஆர்.சி. காலாவதியாகிக் கிடக்கும் வண்டி என்றால், புதுப்பித்துக் கொடுத்த பிறகே முழுப்பணம் என்று பேசிக்கொள்ளுங்கள். 2021-இல் வந்த மத்திய அரசின் விதி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளையே பாரம்பரிய வாகனமாகத் தனிப் பதிவு செய்ய அனுமதிக்கிறது. மாருதி 800-களில் மூத்ததற்கே அந்தத் தகுதி 2033 டிசம்பரில்தான் வரும். அதுவரை மற்ற எல்லாக் கார்களையும் போலவே இதுவும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பிரேக் பிடித்துக் காட்டியாக வேண்டும்.